மிதுனா சொன்ன ஒரேயொரு சொல்

1

போன கிழமை மானிப்பாயிலிருந்து சுகந்தி வாட்ஸ்அப்பில் அழைத்தாள். சுகந்தி என் சின்னம்மாவின் மகள். அவளுடைய மகனுக்கு மூன்று வயது. கூப்பிட்டால் திரும்புவதில்லை, ஒரு சொல்லும் வரவில்லை, எந்நேரமும் சுழலும் மின்விசிறிக்குக் கீழேயே படுத்திருக்கிறான் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஓட்டிசம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"அக்கா, உங்கை வீட்டை ஆள் வந்து பிள்ளையளைப் பழக்குறவையாம். மிதுனாவுக்கும் வந்தவை எண்டு அம்மா சொன்னவ. அப்பிடிப் பழக்கினால் பிள்ளை கதைக்குமோ?"

நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அக்கா, லைனிலை நிக்கிறியளோ?"

"ஓம். அடுப்பிலை கறி இருக்கு சுகந்தி. பேந்து எடுக்கிறன்."

அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. பிறகு நான் எடுக்கவும் இல்லை. அவள் கேட்டதற்கு ஓம் என்றால் பொய். இல்லை என்றாலும் பொய். இரண்டுக்கும் நடுவில் இருப்பதைத் தொலைபேசியில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். ஊரில் இதே கேள்வியோடு வேறு தாய்மாரும் இருப்பீர்கள். நல்ல முடிவை எதிர்பார்த்துப் படிக்கிறவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் குறை நினைக்க மாட்டேன்.

2

நாங்கள் இருப்பது பிரெஞ்சுத் தலைநகரின் மார்க்ஸ் டோர்மோய் பகுதியில், மூன்றாம் மாடியில், இரண்டு அறை வீடு. இறங்கி நடந்தால் லா சப்பல் தமிழ்க் கடைகள். கணவர் ஒரு பிரெஞ்சு உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிறார். நான் விடியற்காலையில் அலுவலகங்கள் துடைக்கப் போய்வந்தேன். மூத்தவள் ஆரபி கைக்குழந்தையாக எங்களோடு வந்தவள். மிதுனா இங்கே பிறந்தவள்.

மிதுனாவுக்கு நாலு வயதாக இருந்தபோது பாலர் பள்ளிக்கு வந்த மருத்துவர் என்னைக் கூப்பிட்டார். கனிவான பெண். என் முகத்தைப் பார்த்துப் பார்த்து மெதுவாகப் பேசினார். நீளமாகப் பேசியதில் எனக்குப் பிடிபட்டது ஒரு சொல்தான். உங்கள் மகள் "ஆர்திஸ்த்" ஆக இருக்கலாம் என்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மெர்சி மத்தாம், மெர்சி" என்றேன். அவர் ஒரு கணம் திகைத்து, பிறகு என் தோளில் கை வைத்தார். இவ்வளவு அன்பானவர்களும் இந்த நாட்டில் இருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

"மிதுனா ஆர்ட்டிஸ்டாம். டொக்டர் சொன்னவ" என்று கணவரிடம் சொன்னேன்.

"நானும் நினைச்சனான். அவளின்ரை கையைப் பார்த்தனீரோ, என்ன மெல்லிய விரல்."

அவர் அன்றைக்கே ஒரு பெரிய பெட்டி வர்ணப் பென்சில் வாங்கிவந்தார். மிதுனா ஒரு கோடும் கீறவில்லை. பென்சில்களை எல்லாம் எடுத்துச் சுவரோரமாக, நுனிக்கு நுனி முட்ட, ஒரே வரிசையாக அடுக்கினாள். யாராவது ஒன்றைத் தொட்டால் கத்தினாள். அவர் அதைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பினார். "பாருங்கோ, என்ன வடிவா அடுக்கியிருக்கிறாள்" என்று எழுதியிருந்தார். ஊரிலிருந்து எல்லாரும் வாழ்த்தினார்கள்.

பிறகு தபாலில் ஒரு கடதாசி வந்தது. வழக்கம்போல ஆரபியிடம் வாசிக்கக் கொடுத்தோம். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. வாசித்துவிட்டுத் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"அம்மா, இது ஆர்திஸ்த் இல்லை. ஓட்டிஸ்த்."

பிரெஞ்சில் இரண்டு சொல்லுக்கும் வால் ஒன்றுதான். தலைதான் வேறு. கணவர் எழும்பிப் போய்ச் சுவரோரம் இருந்த பென்சில்களைப் பெட்டிக்குள் போடத் தொடங்கினார். மிதுனா கத்தினாள். அவர் நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகு ரந்தேவுகள், நேரம் குறித்துப் பார்க்கும் சந்திப்புகள். ஒரு ரந்தேவு கிடைக்க மாதக்கணக்கில் காத்திருப்பு. போனால் இன்னொரு இடத்துக்கு அனுப்புவார்கள். அங்கே போனால் உங்கள் தொசியே, கடதாசிக் கோப்பு, முழுமையில்லை என்பார்கள். இன்ன கடதாசி வேண்டும், அது புதியதாக இருக்க வேண்டும் என்பார்கள். புதியது எடுத்துக்கொண்டு போவதற்குள் முதலில் கொடுத்தது பழையதாகிவிடும். அகதிக் கோரிக்கை போட்டிருந்த காலத்திலும் இப்படித்தான் அலைந்தோம். அப்போது எங்களுக்கு வயதும் குறைவு, வீட்டில் கத்துகிற குரலும் இல்லை.

அந்த அலைச்சலில் ஒருவர், அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார், பிள்ளையைக் குழப்பாதீர்கள், வீட்டில் ஒரே மொழி பேசுங்கள், பிரெஞ்சு பேசுங்கள் என்றார். நான் கீழ்ப்படிந்தேன். என்னிடம் இருந்த பிரெஞ்சு துடைக்கவும் கழுவவும் குப்பை கட்டவும் போதுமானது. ஒரு பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்ச அதில் சொல் இல்லை. வா, இரு, சாப்பிடு, வேண்டாம். இவ்வளவோடு நின்றுவிட்டேன். இரண்டு வருடத்துக்கு மேல் எங்கள் வீட்டில் மிதுனா மட்டுமல்ல, நானும் பேசவில்லை.

3

எலோடி வந்தபோது மிதுனாவுக்கு ஆறு வயது முடிந்திருந்தது. ஒரு சங்கம் அனுப்பிய உளவியலாளர் அவள். முப்பது வயது இருக்கும். முதுகில் ஒரு பெரிய பை. யாரும் சொல்லாமலே வாசலில் சப்பாத்தைக் கழற்றினாள்.

நான் அவளுக்காக ஒரு சின்ன மேசையும் கதிரையும் வாங்கி வைத்திருந்தேன். ஊரில் டியூஷன் மாஸ்டர் வந்தால் எப்படியோ அப்படித்தான் என் மனதில் இருந்தது. வருவா, இருத்துவா, சொல்லிக் கொடுப்பா, நான் தேத்தண்ணி கொடுப்பேன். எலோடி மேசையைத் திரும்பியும் பார்க்கவில்லை. தரையில் குந்தி, பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்துச் சவர்க்காரக் குமிழி ஊதினாள். மிதுனா கிட்ட வந்தால் ஊதினாள். விலகினால் நிறுத்தினாள். அன்றைக்கு வேறு ஒன்றும் செய்யவில்லை. அடுத்த முறையும் அதுதான். அந்த மாதம் முழுவதும் குமிழியும் கூச்சமூட்டலும் போர்வைக்குள் உருட்டலும்தான்.

"இதுக்கோ இவ்வளவு காலம் காத்திருந்தனாங்கள்? குமிழி ஊதுறதுக்கோ?" என்றார் கணவர். தமிழில்தான் சொன்னார். ஆனால் எலோடிக்குக் குரல் விளங்கியது. ஆரபியைக் கூப்பிட்டு, மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டாள்.

"அப்பாவிடம் சொல்லு. இந்த அறையில் மிதுனாவுக்கு மிகப் பிடித்த பொருளாக முதலில் நான் மாற வேண்டும். அதற்குப் பிறகுதான் என்னால் அவளிடம் எதையாவது கேட்க முடியும்."

கணவர் கேட்டார்: "கண்ணைப் பாத்துக் கதைக்கப் பழக்குவாவோ எண்டு கேள். எல்லாற்றை பிள்ளையளும் கண்ணைப் பாக்குதுகள்."

எலோடி மாட்டேன் என்று தலையாட்டினாள். "கண்ணைப் பார்க்கச் சொல்லி நான் வற்புறுத்த மாட்டேன். அவளை மற்றப் பிள்ளைகள் மாதிரித் தெரியச் செய்வது என் வேலை இல்லை. அவளுக்கு என்ன வேண்டும் என்பதை அவளே உங்களுக்குச் சொல்ல வைப்பதுதான் வேலை."

பிறகு என்னைப் பார்த்து, நீங்கள் ஏன் மகளோடு பேசுவதில்லை என்று கேட்டாள். எனக்குச் சொல்லப்பட்டதைச் சொன்னேன். அவளுடைய முகம் மாறியது. நீங்கள் உங்கள் மொழியிலேயே பேசுங்கள், தாய் பேசாமல் இருப்பதுதான் பிள்ளைக்குக் கெடுதல் என்றாள். மொழிபெயர்த்துக்கொண்டிருந்த ஆரபி அந்த இடத்தில் நின்றுவிட்டாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தமிழிலை கதைக்கட்டாம்" என்று மட்டும் சொன்னாள். மிச்சத்தை நானே விளங்கிக்கொண்டேன். போன இரண்டு வருடத்தை யாரிடம் போய்க் கேட்பது?

எலோடி ஆரபியையும் அந்த வேலையிலிருந்து விடுவித்தாள். இவள் அக்கா, துபாஷி அல்ல, இனி நாங்கள் சமாளித்துக்கொள்வோம், போய் உன் வேலையைப் பார் என்றாள். சரியான பேச்சுத்தான். ஆரபி அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு அந்தத் தரையில் எங்களோடு வந்து அவள் இருக்கவே இல்லை.

4

சுகந்தி, இதை வடிவாகக் கேள். வீட்டுக்கு வருகிறவர்கள் கிழமையில் சில மணித்தியாலம்தான் வருவார்கள். அவர்கள் பழக்குவது பிள்ளையை அல்ல, உன்னை. நீ பிள்ளையோடு இருப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். உன் வீட்டுச் சண்டை, காயப்போட்ட உடுப்பு, நீ பொறுமை இழக்கிற கணம், எல்லாவற்றையும் ஒரு பிறத்தியாள் பார்ப்பா. குற்றம் சொல்ல மாட்டா. அதுதான் இன்னும் கஷ்டம்.

மிதுனா தன் கையைக் கடிப்பாள். இடது கையில், பெருவிரலுக்குக் கீழே, கறுத்துத் தடித்துக் காய்ப்புப் போல ஆகியிருந்தது. கடிக்கத் தொடங்கினால் நாங்கள் ஓடிப்போய்ச் செய்துகொண்டிருந்த எல்லாவற்றையும் நிறுத்துவோம். சீப்பால் தலை இழுப்பதை நிறுத்துவோம். குளிக்க வார்ப்பதை நிறுத்துவோம். சோற்றை எடுத்துவிட்டு பிஸ்கட் கொடுப்போம். எலோடி பல நாள் இதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொன்னாள்.

"அவளிடம் ஒரு சொல் இருக்கிறது. அது இந்தக் கடிதான். நீங்கள் அதற்கு மட்டும்தான் பதில் சொல்கிறீர்கள். அதை எடுப்பதென்றால் அதற்குப் பதிலாக வேறொன்றைக் கொடுக்க வேண்டும்."

வேறொன்றைக் கொடுப்பது சொல்வதுபோல இல்லை. கடித்தால் முன்புபோல உடனே விட்டுக் கொடுக்கக் கூடாது. கைக்கு மெத்தென்ற துணியைச் சுற்றிவிட்டு, உள்ளங்கையை விரித்துக் காட்டப் பழக்கி, காட்டியதும் நிறுத்த வேண்டும். முதலில் கத்தல் கூடும், பயப்படாதீர்கள் என்று எலோடி எச்சரித்தாள். கூடியது. கீழ்மாடிக் கிழவி தும்புத்தடித் துடைப்பத்தால் தன் வீட்டுக் கூரையை இடித்தாள். ஒரு பின்னேரம் கதவு தட்டப்பட்டது. பொலிஸ். ஒரு ஆணும் ஒரு பெண்ணும்.

பிள்ளையை அடிக்கிற சத்தம் கேட்பதாக முறைப்பாடு வந்திருக்கிறது என்றார்கள். அந்தப் பெண் மிதுனாவின் கையைப் பார்த்தாள். இந்தக் காயம் எப்படி வந்தது? என் வாயிலிருந்து பிரெஞ்சு முழுவதும் போய்விட்டது. கடிக்கிறாள் என்பதற்கு ஒரு சொல் உண்டு, எனக்குத் தெரியும், வரவில்லை. "அவள் கையைச் சாப்பிடுகிறாள்" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் அதை அப்படியே எழுதிக்கொண்டு என் குசினியை எட்டிப் பார்த்தாள். பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்கிறீர்களா என்று கேட்டாள்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று மிதுனாவுக்கு முன்னால் போய் நின்றேன். அப்போதுதான் ஆரபி பள்ளியிலிருந்து வந்தாள். புத்தகப் பையைக் கூடக் கழற்றாமல், என் தங்கை ஓட்டிஸ்த், தன்னைத்தானே கடிப்பாள், ஒரு உளவியலாளர் வீட்டுக்கு வருகிறார், தொசியே இருக்கிறது, பார்க்கப் போகிறீர்களா என்று தண்ணீர் ஓடுவதுபோலப் பிரெஞ்சில் சொன்னாள். அவர்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

கதவைச் சாத்திவிட்டு ஆரபி என்னிடம் திரும்பினாள்.

"இந்த வசனத்தை நான் எத்தினை பேருக்குச் சொல்லிப்போட்டன் தெரியுமே? பள்ளிக்கூடத்திலை, லிஃப்டிலை, மெத்ரோவிலை. நீங்களும் ஒருக்கால் பாடமாக்குங்கோ அம்மா."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். களைத்துப்போய்ச் சொன்னாள்.

அன்றைக்கு எனக்கு ஊரில், உரும்பிராயில் எங்கள் ஒழுங்கையில் இருந்த பவளமக்காவின் நினைவு வந்தது. அவவின் மகன் செல்வண்ணை பேச மாட்டார். பின்னறையில்தான் வைத்திருப்பார்கள். போருக்குப் பயந்து எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்த அன்று மழைக்குள், நகர முடியாத சனத்துக்குள், செல்வண்ணை காதைப் பொத்திக்கொண்டு கத்தினார். பவளமக்கா தன் சேலைத் தலைப்பைக் கிழித்து அவருடைய மணிக்கட்டைத் தன் மணிக்கட்டோடு கட்டியிருந்தா. "உந்த விசரனை ஏன் கொண்டு வாறாய்?" என்று யாரோ ஏசினார்கள். அவ முடிச்சை இறுக்கிக்கொண்டு நடந்தா. கைதடிப் பாலம் கடந்த பிறகு அவர்களை நாங்கள் காணவே இல்லை. நான் அப்போது சிறுபிள்ளை. அவ ஏன் ஒரு வார்த்தையும் திருப்பிச் சொல்லவில்லை என்று அன்றைக்கு விளங்கவில்லை.

5

விரித்த கையோடு ஒரு சொல்லையும் சேர்க்கலாம் என்றாள் எலோடி. எந்தச் சொல்? ஆரபி அறைக்குள்ளிருந்தே "ஸ்டொப்" என்றாள். இங்கே எல்லாருக்கும் விளங்குகிற சொல்லாக இருக்கட்டும் என்றார் கணவர். எலோடி என்னிடம் கேட்டாள்.

"யோசிக்காமல் உங்கள் வாயில் வருவது எது? நாள் முழுவதும் அவள் கேட்பது உங்கள் வாயைத்தானே."

எனக்கு வருவது காணும். சோறு காணும், தண்ணி காணும், கத்தினது காணும். யாழ்ப்பாணத்தில் காணும் என்றால் போதும். லா சப்பலில் பாண்டிச்சேரிக்காரர் ஒருவரின் கடையில் அரிசி நிறுக்கும்போது நான் காணும் என்றதும் அவர் திடுக்கிட்டு, "என்னம்மா காணோம்? பர்ஸா?" என்று சுற்றுமுற்றும் தேடியிருக்கிறார். எலோடி அந்தச் சொல்லை வாயில் வைத்து உருட்டிப் பழகினாள். அவளுக்கு ண வரவில்லை. "கானும், கானும்" என்று மெத்ரோவில் வரும்போதும் சொல்லிப் பார்ப்பாளாம்.

அது வர ஒரு வருடம் பிடித்தது. ஒரு காலை பள்ளிக்கு வெளிக்கிடுத்தத் தலை இழுத்துக்கொண்டிருந்தேன். தலை இழுப்பது என்றால் மிதுனாவுக்கு உயிர் போகும். ஒரு பக்கப் பின்னல் முடிந்திருந்தது. திடீரென்று என் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். வைத்து, "கானும்" என்றாள். எலோடியின் உச்சரிப்பிலேயே சொன்னாள்.

என் பிள்ளையின் குரல் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கத்தல் தெரியும். இது குரல். கொஞ்சம் கரகரத்த, தகப்பனுடைய குரல்.

சீப்பைக் கீழே போட்டேன். சொன்ன கணமே நிறுத்த வேண்டும், எப்போதும் நிறுத்த வேண்டும், ஒரு முறை ஏமாற்றினாலும் அந்தச் சொல் செத்துவிடும் என்று எலோடி சொல்லியிருந்தாள். ஒரு பக்கம் பின்னல், ஒரு பக்கம் விரித்த தலையோடு மிதுனாவைப் பள்ளிக்குக் கொண்டுபோனேன். வழியில் தெரிந்த பெண்ணொருத்தி நின்று, "என்ன அக்கா, பிள்ளையை இப்பிடிக் கொண்டு போறியள்?" என்றாள். "அவ காணும் எண்டு சொல்லிப்போட்டா" என்றேன். அவளுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. நான் சிரித்தபடி அழுதுகொண்டு போனேன்.

கணவர் அன்றைக்கு வேலையிடத்திலிருந்து கேக் கொண்டுவந்தார். மிதுனா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு "கானும்" என்றாள். எல்லாரும் கை தட்டினோம். ஆரபி கூட வெளியே வந்து கை தட்டினாள். கடி குறைந்தது. கையிலிருந்த காய்ப்பு உரியத் தொடங்கியது.

குளிக்க வார்த்தால் கானும். உடுப்பு மாற்றினால் கானும். நான் மடியில் வைத்துப் பாடத் தொடங்கினால் கானும். கன்னத்தில் கொஞ்சப் போனால், உள்ளங்கையை என் வாயில் வைத்துக் கானும். நிறுத்த வேண்டும் அல்லவா? நிறுத்தினேன். ஒரு நாளும் ஏமாற்றவில்லை. அம்மா என்று ஒரு சொல்லைக் கேட்பதற்காக ஏழு வருடம் காத்திருந்தவளுக்குக் கிடைத்தது போதும் என்ற சொல். அம்மா என்று அவள் இன்றுவரை சொன்னதில்லை. எலோடியிடம் இதைச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

6

எலோடி பள்ளிக்கும் போயிருந்தாள். அங்கே மிதுனாவுக்கு ஒரு உதவியாளப் பெண் இருந்தாள். இந்தச் சொல்லைச் சொன்னால் நிறுத்துங்கள் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். அந்தப் பெண்ணும் நல்லவள். நன்றாகத்தான் போனது.

பிறகு எலோடியின் கணவருக்குக் கடலோர ஊரொன்றில் வேலை கிடைத்தது. அவள் போக வேண்டியதாயிற்று. கடைசி நாள் தரையில் வழக்கம்போலக் குந்தியிருந்து குமிழி ஊதினாள். சங்கத்தில் கேட்டோம். வேறொருவர் வருவார், ஆனால் காத்திருப்போர் நிறைய என்றார்கள். ஒரு இளைஞன் வந்தான். சில கிழமையில் அவனும் நின்றுவிட்டான். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அந்த உதவியாளப் பெண்ணும் அங்கே இல்லை. அவளுடைய ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம். புதிதாக ஒருத்தி வந்திருந்தாள். யாரும் வேண்டுமென்று எதையும் செய்யவில்லை. ஒருவர் போகிறார், இன்னொருவர் வருகிறார். இடையில் ஒரு சொல்லைக் கைமாற்றிக் கொடுக்க ஆளில்லை.

டிசம்பரில், நத்தார் விடுமுறைக்கு முன் பள்ளியில் கூட்டம் வைத்தார்கள். ஆரபியையும் அழைத்துக்கொண்டு போனேன். மிதுனா பிள்ளைகளைக் கடிக்கிறாள், தன்னையும் கடிக்கிறாள் என்றார்கள். எனக்கு நம்ப முடியவில்லை. அவள்தான் சொல்வாளே, சொன்னால் நிறுத்தினால் கடிக்க மாட்டாளே என்றேன். ஆசிரியை திடீரென்று ஏதோ நினைவு வந்தவராகக் கேட்டார்.

"மத்தாம், கானும் என்பது யார்?"

ஆரபிக்கும் எனக்கும் புரியவில்லை.

"தொடக்கத்தில் மிதுனா நாள் முழுவதும் அந்தப் பெயரைச் சொல்லி அழுவாள். கானும், கானும் என்று. அவளுக்குப் பிரியமான யாரோ என்று நினைத்தோம். உங்கள் அம்மாவா? பூனையா? நாங்கள் அவளை அணைத்துப் பிடித்து, அழாதே, கானும் பின்னேரம் வருவாள் என்று ஆறுதல் சொல்வோம். இப்போது கொஞ்ச நாளாகக் கேட்பதில்லை. மறந்துவிட்டாள் போல."

ஆரபி வாயைத் திறந்தாள். பொலிஸுக்கு முன்னால் தண்ணீர்போலப் பேசியவள், அந்தச் சின்னப் பிள்ளைகளுக்கான கதிரையில் இருந்தபடி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். நான்தான் சொன்னேன், என்னிடமிருந்த பிரெஞ்சில்: "கானும் ஆள் இல்லை. கானும் என்றால் போதும்."

ஆசிரியையின் கண் நிறைந்துவிட்டது. அவரை நான் என்ன சொல்ல?

சொன்னால் நிறுத்துவார்கள் என்று என் பிள்ளை நம்பினாள். சொன்னாள். இறுக்கி அணைத்தார்கள். இன்னும் சொன்னாள். இன்னும் இறுக்கி அணைத்தார்கள். எலோடி சொன்னது சரி. அந்தச் சொல் செத்துவிட்டது. வீட்டிலும் அவள் அதை மறுபடி சொல்லவில்லை. எலோடி காட்டித் தந்த முறையிலேயே, குமிழியிலிருந்து தொடங்கி, நானே எல்லாவற்றையும் திரும்பச் செய்து பார்த்தேன். உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். பிரெஞ்சில் சொல்லிப் பார்த்தேன், தமிழில் சொல்லிப் பார்த்தேன். அவள் என் கையைப் பார்த்துவிட்டுத் தன் கையைக் கடித்தாள்.

பள்ளி நேரத்தைப் பாதியாக்கினார்கள். பிறகு வேறு ஏற்பாடு ஆகும்வரை வீட்டில் வைத்திருங்கள் என்றார்கள். நான் வேலையை விட்டேன்.

ஆகவே சுகந்தி, பிள்ளை கதைக்குமோ என்று கேட்டாய். கதைக்கலாம். அதற்கு ஆள் வர வேண்டும், நல்ல ஆளாக இருக்க வேண்டும், நீ உன் வீட்டையும் உன்னையும் திறந்து விட வேண்டும். அவ்வளவும் நடந்து ஒரு சொல் வந்தாலும், அந்தச் சொல் உன் வீட்டு வாசல் வரைதான். வெளியே உள்ளவர்கள் அதைக் கேட்டு நடக்க வேண்டும். நடக்காவிட்டால் பிள்ளை பேசாத இடத்துக்கே திரும்பி வந்துவிடும். நீயும் திரும்பி வருவாய், ஆனால் தொடங்கிய இடத்துக்கு அல்ல. அதற்கும் பின்னால்.

7

வேறு ஏற்பாடு இரண்டரை வருடம் கழித்து ஆனது. இங்கே இடமில்லை, பெல்ஜியத்தில் ஒரு விடுதியில் இடம் இருக்கிறது என்றார்கள். இங்கிருந்து நிறையப் பிள்ளைகள் அங்கே போகிறார்களாம். இரண்டு கிழமை அங்கே, ஒரு வெள்ளி பின்னேரம் சின்ன பஸ்ஸில் வீடு, திங்கள் காலை மறுபடி.

போய்ப் பார்த்தோம். குறை சொல்ல முடியாத இடம். பெரிய புல்வெளி, ஊஞ்சல். மிதுனா ஊஞ்சலை விட்டு இறங்கவில்லை. திரும்பி வரும்போது ரயில் எந்த இடத்தில் எல்லையைக் கடந்தது என்றே தெரியவில்லை.

"நாங்கள் எல்லை கடக்கிறதுக்கு என்ன பாடு பட்டனாங்கள். இஞ்சை ஒருத்தரும் எழும்பிக் கூடப் பாக்கேல்லை" என்றார் கணவர். பிறகு சொன்னார்: "நான் அனுப்ப மாட்டன். நீர் என்ன சொல்லுறீர்?"

நானும் மாட்டேன் என்றுதான் சொன்னேன்.

அந்தக் கிழமை ஆரபி குசினிக்குள் வந்தாள். அவளுக்கு லியோனில் பல்கலைக்கழக இடம் கிடைத்திருந்தது.

"அம்மா, நான் லியோனுக்குப் போகேல்லை. இஞ்சையே நிண்டு ஏதாவது படிக்கிறன். மிதுனாவை நானும் பாக்கிறன்."

வருடக்கணக்காக நான் தமிழில் கேட்பதற்குப் பிரெஞ்சில் பதில் சொல்கிறவள் அவள். கோபம் வந்தால்தான் தமிழ் வரும். அன்றைக்குக் கோபம் இல்லை. ஒரு பிழையும் இல்லாத தமிழில், ஊரில் ஒரு மூத்த பிள்ளை சொல்வதுபோல, குனிந்து நின்று சொன்னாள். அதனால்தான், பவளமக்காவின் சேலைத் தலைப்பு இவளுடைய மணிக்கட்டிலும் ஏறிவிடும் என்று பயந்துபோனேன். கணவரிடம் போய், விடுதிக் கடதாசியில் கையெழுத்து வையுங்கோ என்றேன். அவர் என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் வைத்தோம். ஆரபி எங்களோடு சில நாள் பேசவில்லை.

வருகிற திங்கள் மிதுனா போகிறாள். உடுப்பு ஒவ்வொன்றிலும் பெயர் தைத்து அனுப்ப வேண்டும் என்று விடுதியில் சொல்லியிருக்கிறார்கள். காலுறையிலும் உள்ளாடையிலும் கூட. ஆரபி வெள்ளை நாடாவில் பெயரை அழியாத மையால் எழுதித் துண்டு துண்டாக வெட்டி வைத்துவிட்டு லைப்ரரிக்குப் போய்விட்டாள். நேற்றுப் பின்னேரம் நான் கட்டிலடியில் தரையில் இருந்து தைக்கத் தொடங்கினேன்.

மிதுனா வந்தாள். கிட்ட வந்து நின்று, திரும்பி, தன் முதுகை என் முதுகோடு சேர்த்து இருந்தாள். அணைத்தால் விலகுகிறவள் அவள். தானாக வந்து இப்படி இருந்ததில்லை. அவளுடைய முதுகெலும்பு ஒவ்வொன்றும் என் முதுகில் தெரிந்தது. மூச்சு தெரிந்தது. அவள் எதையோ ராகமாக முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். என் கை நூலை இழுக்கும்போதெல்லாம் அந்த அசைவுக்கு அவளும் மெல்ல ஆடினாள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. சட்டைகள் முடிந்தன. காலுறைகள் முடிந்தன. ஊசியில் நூலும் முடிந்துவிட்டது. கை நின்றால் எழும்பிப் போய்விடுவாள் என்று, நூலில்லாத ஊசியைக் கடைசிச் சட்டையில் குத்தி இழுத்து, குத்தி இழுத்து இருந்தேன்.